உழவு நின்ற தோட்டம்

இலஞ்சி,
21.7.2024

உங்களுக்கு மாரிச்செல்வி எழுதுவது. நானும் அபியும் நலம்.

போனில் பேசினால் பேச்சு முடிவதற்குள் சண்டை வருகிறது, சண்டை முடிவதற்குள் நேரம் முடிந்து கட்டாகிவிடுகிறது. போன மாதம் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்க வந்தபோதும், வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் வலைக்கு அந்தப் பக்கம் எழுந்து போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஜெயிலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்கள் என்று தெரியும். படிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

வேலை இதுதான். கிருபா என்று ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நம் பக்கத்துப் பயிர்கள் காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை எடுத்துத் தங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன, அதில் எவ்வளவு மண்ணில் தங்குகிறது என்று கணக்குப் பார்க்கிறாள். நெல், மக்காச்சோளம், உளுந்து எல்லாம் உண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தை வயலில் வைத்து, அதற்குள் நிற்பதை மட்டும் அறுத்து, வேரையும் தோண்டி எடுத்துக் கழுவ வேண்டும். தண்டு தனி, இலை தனி, வேர் தனி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையில் அடுப்பு மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறாள். அதில் போட்டு, எடை இனிக் குறையாது என்கிற மட்டும் காய வைக்கிறோம். காய்ந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்பன்தானாம். இப்போது சாரல் நேரம். வெளியே எடுத்து வைத்த பை பத்து நிமிஷத்தில் மறுபடி ஈரமாகிவிடுகிறது. கீழே எண்ணெய்க் குளியல் கடை, பை எல்லாம் நல்லெண்ணெய் வாசம். கிருபாவுக்கு அழுகையே வருகிறது.

சொல்ல வந்தது வேறு. எந்த வயலில் எடுப்பது என்று கம்ப்யூட்டர்தான் குருட்டாம்போக்கில் இடம் பொறுக்குகிறது. அதில் ஓர் இடம் உங்கள் பெரியப்பா மகன் ஆறுமுகநயினார் அத்தான் தோட்டத்தில் விழுந்திருக்கிறது. கூட்டுக்கிணற்றடியில், உங்கள் மம்பட்டி பட்டு அவர் விழுந்த அதே தோட்டம். அன்றைக்கு நின்ற உழவு ஆறு வருஷமாக நின்றபடியே கிடக்கிறது. நானும் அத்தான் மனைவி வடிவு அக்காவும் முகம் பார்த்துப் பேசியும் அவ்வளவு காலம் ஆகிறது.

போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

மாரிச்செல்வி


பாளையங்கோட்டை,
2.8.2024

மாரி,

கடிதம் கிடைத்தது. காற்றில் இருப்பதை எடைபோடக் கூலிக்கு ஆள் வைக்கிறார்களா? நல்ல காலம்தான்.

நீ அந்தத் தோட்டத்துக்குள் போகக் கூடாது. இது என் சொல். அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள். அந்தப் பொம்பளை கோர்ட்டு வாசலில் மண்ணை வாரி என் முகத்தில் எறிந்தவள். உன்னைத் தன் தோட்டத்துக்குள் பார்த்தால் விட்டுவைப்பாளா?

கொன்றவன் நான்தான். இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. அன்று கூட்டுக்கிணற்றில் மோட்டார் போடும் முறை அவனுடையதா என்னுடையதா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் நான் செய்ததற்கு நான் இங்கே கிடக்கிறேன். நீ போய் அங்கே நின்று எதற்குத் தலை குனிய வேண்டும்?

எனக்கு இங்கே தோட்ட வேலை. கத்திரி, தண்டங்கீரை. மம்பட்டி மட்டும் என் கையில் தருவதில்லை. நானும் கேட்பதில்லை.

அபி பிளஸ் டூ பாடம் எல்லாம் ஒழுங்காகப் படிக்கிறாளா? அவள் ஒரு வரிகூட எழுதவில்லையே.

சிவனணைந்தபெருமாள்


இலஞ்சி,
8.9.2024

உங்களுக்கு,

போய்விட்டேன். கோபப்படுவீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ரோட்டிலிருந்து பார்த்தால் தோட்டம் மாதிரியே இல்லை. உடைமரம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. புல் முழங்கால் வரை. வேலி முள்ளை விலக்கிவிட வடிவு அக்கா முன்னாடியே வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முள் அப்படியே நின்றது. வெறுமனே பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா முள்ளை இழுத்து வழி விட்டாள்.

மண் எடுக்கிற குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். மற்றத் தோட்டங்களில் கை வலித்துப்போகும். இங்கே வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே எடுத்தால் மண் கருத்து, புழுவும் வேருமாக, மழை பெய்த மாதிரி வாசம். கிருபா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தாள். இன்னொரு குழாய் கிணற்றுப் பக்கம் அடிக்கலாம் என்று நடந்தாள். அப்போதுதான் அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அங்கன வேண்டாம் தாயி. கிணத்தடியில மட்டும் குத்தாண்டாம்."

கிருபாவுக்கு ஒன்றும் தெரியாது. சரி என்று திரும்பி, நிழலில் உட்கார்ந்து கேள்வித்தாளை எடுத்தாள். ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கிற கேள்விதான்.

"கடைசியா எப்போ உழுதீங்க?"

"ஆறு வருஷத்துக்கு முந்தி."

"ஏன் நிறுத்திட்டீங்க? தண்ணி இல்லையா, ஆள் கிடைக்கலையா?"

அக்கா தரையைப் பார்த்தாள். கிருபா என்னைப் பார்த்தாள், நான்தான் வழக்கமாகப் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்கிறவள். வேறு என்ன சொல்லி மழுப்பியிருக்க முடியும், சொல்லுங்கள். அக்கா முன்னாலேயே, தண்ணீர் இல்லை என்றா?

"எங்க வீட்டுக்காரரு இவங்க வீட்டுக்காரர இந்தத் தோட்டத்துல வச்சு வெட்டிட்டாரு. அதுக்குப் பெறகு உழ ஒருத்தரும் வரல" என்றேன்.

கிருபாவின் பேனா நின்றுவிட்டது. அப்புறம் அக்கா சொன்னாள், "இவா சொன்னத அப்படியே எழுதிக்கோ."

ஆறு வருஷத்தில் அந்தச் சாவை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அபியிடம்கூட நான் சொன்னதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்களே.

வரும்போது அக்கா பின்னாலிருந்து, "வெயிலா இருக்கு, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். கிருபாவைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் ரெண்டு டம்ளர் வந்தது.

மாரிச்செல்வி


பாளையங்கோட்டை,
20.9.2024

அன்புள்ள மாரி,

படித்தேன். கோபம் வந்தது, போய்விட்டது. நீ சொன்னது சரிதான் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அபியை நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்.

ஒரு நல்ல விஷயம். எனக்கு நீண்ட விடுப்புக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் தை மாதம் ஒரு மாசம் போல வீட்டில் இருக்கலாம். என் தோட்டத்தை நானே ஒரு தரம் பார்க்கலாம். அதற்கு முன் நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார். செத்தவன் வீட்டில் ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் போதும், மற்றது தானாக நடக்கும்.

மோர் கொடுக்கிற அளவுக்கு அவள் மனசு இறங்கியிருக்கிறது. நீ பக்குவமாகப் பேசு. ஒரே வார்த்தை. "வரட்டும்" என்று சொன்னால் போதும். உனக்கு அவளிடம் போக வழி கிடைத்ததே கடவுள் செயல் என்று நினைக்கிறேன். அடிக்கடி அங்கே போய் வா.

சிவனணைந்தபெருமாள்


இலஞ்சி,
14.10.2024

உங்களுக்கு,

ஆகஸ்டில் போகவே கூடாது என்றீர்கள். இப்போது அடிக்கடி போ என்கிறீர்கள்.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மண் கணக்கு வந்துவிட்டது. கிருபா அளந்த தோட்டங்களிலேயே அத்தான் தோட்டத்து மண்ணில்தான் கார்பன் அதிகம். உழாமல் கிடந்தால் வேரும் சருகும் அங்கேயே மக்கித் தங்கிவிடுகிறதாம். உழுது புரட்டினால் காற்றுப் பட்டு, சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி வானத்துக்குப் போய்விடுமாம். கிருபா அக்காவிடம் இதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆறு வருஷமா நல்லா சேத்து வச்சிருக்குன்னு சொல்லுத. எனக்கு ஒரு வேளைச் சோறு போடலையே, தாயி. நான் அடுத்தவ காட்டுல களை எடுத்துல்லா சாப்பிடுதேன்" என்றாள். கிருபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தோட்டத்தில் பயிர் வைக்க அக்காவுக்கு ஆசைதான். ஆனால் இப்போதும் டிராக்டர்காரன் வர மாட்டேன் என்கிறான். ரத்தம் விழுந்த நிலமாம்.

கிருபா யோசித்துவிட்டு, உழவே வேண்டாம், உடைமரத்தையும் புல்லையும் மட்டம் வெட்டிப் போட்டு, கம்பால் குழி போட்டு மக்காச்சோளம் ஊன்றலாம், வேர் உள்ளேயே கிடக்கட்டும் என்றாள். அதற்கும் ஆள் வரவில்லை. நான் போனேன். அக்கா கம்பால் குத்திக்கொண்டே முன்னால் போக, நான் விதையைப் போட்டுக் காலால் மூடிக்கொண்டே பின்னால் போனேன். கிணற்றைச் சுற்றிக் கொஞ்ச இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். சாயங்காலம் மழை வந்தது.

இப்போது உங்கள் விஷயம். நான் கேட்க மாட்டேன். அக்காவிடம் போய் அந்த வார்த்தையை நான் வாங்கினால், விதை போட்டதெல்லாம் அதற்காகத்தான் என்று ஆகிவிடும். அவள் அப்படி நினைக்காவிட்டாலும் நான் நினைப்பேன். அலுவலர் வந்தால் அவள் மனசில் இருப்பதை அவளே சொல்லட்டும்.

நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். அதை நான் எழுதிக் காட்ட மாட்டேன்.

மாரிச்செல்வி


பாளையங்கோட்டை,
11.11.2024

மாரிச்செல்வி,

நீ யாருடைய மனைவி என்று ஒரு தடவை யோசித்துப் பார். என் தோட்டத்தில் என்ன நிற்கிறது என்று ஒரு கடிதத்திலும் நீ எழுதவில்லை. அவன் தோட்டத்துக்கு விதை போடுகிறாய்.

அலுவலர் இந்த மாதக் கடைசியில் வருவாராம். ஒரு வார்த்தைக்கு உனக்கு வாய் வலிக்கிறது. சரி.

சிவனணைந்தபெருமாள்


இலஞ்சி,
8.12.2024

உங்களுக்கு,

நம் தோட்டத்தில் உளுந்து நிற்கிறது. காய் பிடித்திருக்கிறது. மழை கொஞ்சம் அதிகம், இலை பழுக்கிறது.

அலுவலர் வந்தார். முதலில் நம் வீட்டுக்கு. அபியிடம் கேட்டார், அப்பா வந்தால் உனக்குச் சந்தோஷமா என்று. "தெரியல சார்" என்றாள். நான் அடிக்க வேண்டும் போல இருந்தது, பிறகு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்புறம் வடிவு அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அக்கா தோட்டத்தில் இருந்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழி காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அக்கா, "நீயும் நில்லு. உனக்குப் பின்னால பேசுனதா இருக்க வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இவா என் தோட்டத்துல விதை போட்டா. இவ பிள்ளை வந்தா நான் சோறு போடுவேன். அது வேற, இது வேற. அவன் இந்தத் தெருவுல நடந்து வாறத என் கண்ணு பாக்காண்டாம், ஐயா. பெத்த பிள்ளைய வேற எங்கயாவது வச்சுப் பாக்கணும்னா பாக்கட்டும். அதுக்கு நான் குறுக்க நிக்கல. இங்கன மட்டும் வேண்டாம்."

அவர் எழுதிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்லுதீங்க?" என்றார்.

இந்தக் கேள்வி என்னிடம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டில் உங்கள் சட்டையை இன்னும் வருஷத்துக்கு ரெண்டு தரம் துவைத்து மடித்து வைக்கிறேன். அந்தச் சட்டைதான் அப்போது ஞாபகம் வந்தது. ஆனால் அக்கா சொன்னதில் எது தப்பு என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா சொன்னதுதான், சார்" என்றேன்.

அவர் போன பிறகு கிருபா அளவு எடுக்க வந்தாள். அக்கா வேரைக் கழுவ, நான் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம்.

மாரிச்செல்வி


பாளையங்கோட்டை,
9.1.2025

மாரி,

ஒரு மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உன்னைத் திட்டித்தான் வந்தது, கிழித்துப் போட்டேன்.

அலுவலரின் அறிக்கையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள். இலஞ்சியில் தங்க அனுமதி இல்லை, வேறு இடம் இருந்தால் சொல் என்றார்கள். எனக்கு எதிரில் இருந்த அதிகாரி நல்ல மனுஷன், "இதை எதிர்த்து எழுதணும்னா எழுதலாம்" என்றார். பேனாவைக் கையில் எடுத்தேன். அவள் என் பிள்ளைக்குச் சோறு போடுவேன் என்று சொன்னது நீ எழுதியது மட்டுமில்லை, அறிக்கையிலும் இருந்தது. அதற்கு எதிராக நான் என்ன எழுத?

புளியங்குடியில் என் தங்கச்சி பாலம்மாள் வீட்டில் இருக்கிறேன், ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விடுப்புக் கிடைத்திருக்கிறது. பொங்கல் கழிந்து விடுவார்கள்.

நீயும் அபியும் அங்கே வருவீர்களா? அபிக்கு இஷ்டம் இல்லையென்றால் நீ மட்டுமாவது.

சிவனணைந்தபெருமாள்


இலஞ்சி,
17.1.2025

உங்களுக்கு,

வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருவோம். அபியும் வருகிறாள். நான் வற்புறுத்தவில்லை, அவளாகவே எந்தப் பஸ் என்று கேட்டாள்.

மற்ற நாளில் வர முடியாது. தை கடைசியில் மக்காச்சோளம் அறுப்பு. கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. அறுக்கும்போதும் கிருபாவுக்குச் சட்டம் வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கதிரில் இருக்கிற கார்பன், ஆடு மாடு, கோழி, மனுஷன் தின்று சீக்கிரம் காற்றுக்கே திரும்பிவிடும், வேரில் இருப்பதில்தான் கொஞ்சம் தங்கும், அது எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது, இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும் என்கிறாள். அவள் படிப்பு முடிந்து போய்விட்டால் யார் பார்ப்பது என்று கேட்டேன். "நீங்கதான்க்கா" என்கிறாள். குழாயும் சட்டமும் நம் வீட்டில்தான் இருக்கும் போலிருக்கிறது.

உங்கள் சட்டை ரெண்டைக் கொண்டு வருகிறேன்.

மாரிச்செல்வி


பாளையங்கோட்டை,
2.3.2025

அன்புள்ள மாரி,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். தங்கச்சியிடம் சொல்லிவிடு. சட்டை தோளில் இறுக்குகிறது என்று நீ சிரித்தாய். இங்கே சோறு அப்படி.

அபி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட ரெண்டு ஞாயிறு ஆனது. மூன்றாவது ஞாயிறு, நீ அடுக்களையில் இருந்தபோது, "அவங்கள ஏம்ப்பா அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள். உன்னிடம் சொன்னாளா தெரியாது. கோர்ட்டில் வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. அவளுக்குத் தண்ணீரை மட்டும் நகர்த்தி வைத்தேன். அவள் எழுந்து போகவில்லை. சாப்பிட்டு முடித்தாள்.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீ அறுப்பு என்று சொன்ன வாரம், ஒரு நாள் காலையில் புளியங்குடி போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் வெகு நேரம் நின்றேன். அப்புறம் செங்கோட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். வைக்கவில்லை.

ஊருக்குப் பாதை பிரிகிற இலஞ்சி விலக்கில் ஆள் ஏறப் பஸ் நின்றது. அங்கிருந்து தோட்டம் தெரிகிறது. பாதி அறுத்துக் கிடந்தது, பாதி நின்றது. இத்தனை வருஷம் அந்த இடத்தை நினைத்தால் எனக்குக் கிணறு மட்டும்தான் வரும். அன்றைக்குக் கிணறு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நீ சட்டத்தைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தாய். வடிவு மைனி குனிந்து மக்காச்சோளத் தட்டையை அறுத்துக்கொண்டிருந்தாள். முடி எல்லாம் நரைத்துப்போயிருக்கிறது. நீ என்னவோ சொன்னாய், மைனி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இலஞ்சியா? இறங்குதியளா?" என்றான்.

"இல்ல, செங்கோட்டைதான்" என்றேன்.

செங்கோட்டையில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். வரும்போது தோட்டம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

சிவனணைந்தபெருமாள்